பொருள்: 'கொள்முதல்' போதுமா? வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

செ.:
அன்பர்களே, அரசு அலுவலகக் கொள்முதல் பிரிவினருக்கான பயிற்சிக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. புரொக்யூர்மென்ட், பர்ச்சேஸ் இரண்டுக்கும் 'கொள்முதல்' என்றே போட்டதால், "கொள்முதல் என்பது கொள்முதலின் ஒரு கட்டம்" என்று ஒரு வரி வந்து நிற்கிறது. தேவையைக் கணிப்பது, விவரக்குறிப்பு எழுதுவது, ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்), மதிப்பீடு, ஆணை, சரக்கைச் சரிபார்த்து ஏற்பது, பணம் கொடுப்பது எல்லாம் சேர்ந்ததற்கு என்ன சொல்?

இரா.:
கொள்முதலையே வையுங்கள் ஐயா. பட்டினப்பாலையில் "கொள்வதூஉம் மிகை கொளாது" என்று வரும் அதே 'கொள்'. 'முதல்' பணம் மட்டுமன்று; மரத்தின் அடியும் முதல், அகப்பொருள் இலக்கணத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதும், 40 கிலோ மூட்டையாக எடை போடுவதும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம்தானே?

ஞா. (யாழ்ப்பாணம்):
இங்கே பர்ச்சேஸ் கொள்வனவு, புரொக்யூர்மென்ட் பெறுகை. 2015இல் இலங்கை அரசியலமைப்பின் 19ஆவது திருத்தத்தின் வழி தேசிய பெறுகை ஆணைக்குழுவே வந்தது.

இரா.:
பெறுகை என்றால் மதுரையில் சரக்கு வரவு என்றுதான் படிப்பார்கள்.

மா.:
வேரைப் பிறகு தோண்டலாம். கொள்முதல் என்றால் வாங்குவது என்று மனத்தில் பதிந்த எழுத்தர், ஆணை போனதும் கோப்பை மூடிவிடுவார். பயிற்சியிலும், ஒப்பந்தப்புள்ளி கொடுக்க 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் என்ற தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி விதியை ஒப்பிக்கிறார்கள். விவரக்குறிப்பு எழுதப் பழக்குவதில்லை. "நல்ல தரமான ஏ4 தாள்" என்று எழுதினால், குறைந்த விலை கேட்டவர் 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம்) தாளைக் கொண்டுவந்து இறக்குவார். அச்சுப்பொறியில் சிக்கும், திருப்பி அனுப்ப ஆதாரம் இருக்காது. "75 ஜிஎஸ்எம், 500 தாள் கொண்ட கட்டு" என்று எழுதியிருந்தால் வாசலிலேயே மறுக்கலாம். பயிற்சி பலித்ததா என்பதை வருகைப்பதிவேட்டில் தேடாதீர்கள். மறு ஒப்பந்தப்புள்ளி குறைந்ததா, தேவைப்பட்டியல் வந்த நாளிலிருந்து சரக்கு சேர எத்தனை நாள், தணிக்கைத் தடை எத்தனை என்று முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். முழு வேலைக்கும் ஒரு பெயர், வாங்குவதற்கு வேறு பெயர். அதுதான் முக்கியம்.

செ.:
பெரும்பாலோர் புரொக்யூர்மென்ட்டுக்குக் கொள்முதல், பர்ச்சேஸுக்கு வாங்குதல் என்கிறார்கள். நேரமில்லை, அப்படியே அனுப்புகிறேன். பெறுகை கலைச்சொல் பட்டியலில் இருக்கும்.

ஞா.:
பர்ச்சேஸ் ஆர்டரைக் 'கொள்முதல் ஆணை' என்றே அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். படிவம் மாறாமல் கையேடு மட்டும் மாறினால், மேசைக்குத் திரும்பிய எழுத்தர் எதை நம்புவார்? என் வாக்கு பெறுகைக்கே.