"திருமணமாகாத பெண்கள் மட்டும்": இப்படி ஆள் எடுக்கலாமா?

நூல்கண்டு (கேள்வி):
பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்: "முன்னணி நிறுவனத்துக்கு ஆப்பரேட்டர்கள் தேவை. பெண்கள், வயது 18–25, திருமணமாகாதவர் மட்டும். தங்குமிடம், சாப்பாடு இலவசம்." கீழே ஒரு செல் நம்பர், அவ்வளவுதான். அரசியலமைப்புச் சட்டத்தின் ஆர்ட்டிகிள் 16-ஐக் காட்டிப் புகார் கொடுக்க முடியுமா?

சட்டப்புள்ளி:
முடியாதுங்க. 16 அரசு வேலைக்குத்தான். தனியாருக்கு ஊதியச் சட்டத்தொகுப்பு 2019, பிரிவு 3. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் இருந்த 1976-ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டம், ஆளெடுப்பில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை மட்டுமே தடுத்தது. புதியது, ஆளெடுக்கும்போது பாலினம் பார்க்கக்கூடாது என்கிறது. அதனால் "பெண்கள் மட்டும்" என்பதை ஓர் ஆணே கேள்வி கேட்கலாம். வயது வரம்பை விட்டுவிடுங்கள். தனியார் வேலையில் அதைத் தடுக்கும் பொதுச் சட்டம் கிடையாது. புகாரில் சேர்த்தால் மனுவின் பலம்தான் குறையும்.

தறிக்காரர்:
சிக்கல் "திருமணமாகாத" என்பதில். அந்தப் பிரிவில் திருமணம் என்ற சொல்லே இல்லை. 2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வந்தபோது மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் பழைய சட்டத்தின் 5-ஆம் பிரிவைச் சொல்லித்தான் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வாதம் இதுதான்: அதே லைனில் மணமான ஆண்களை எடுக்கிறார்களா? எடுத்தால், கல்யாணத் தடை பெண்ணுக்கு மட்டும். ஆக அது பாலினப் பாகுபாடு. இருபாலருக்கும் அதே நிபந்தனை என்றால் வாதம் நொண்டும். அதனால் அதே கம்பெனி ஆண்களுக்குக் கொடுத்த நோட்டீஸையும் தேடிப் பிடியுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

சட்டப்புள்ளி:
கம்பெனி பெயர் இல்லாவிட்டால் புகார் நிற்காது. சட்டம் பிடிப்பது முதலாளியை. நோட்டீஸில் இருப்பதோ ஏஜென்ட் நம்பர். போனில் பேசாதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள்: "எந்தக் கம்பெனி? கல்யாணமானவங்களை எடுப்பீங்களா?" பதிலை நம்பரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சுவர் நோட்டீஸைக் கிழிக்காமல், பின்னால் இடம் தெரியும்படி படம் பிடியுங்கள். விண்ணப்பப் படிவத்தில் "கணவர் பெயர்" கட்டம் இருந்தால் அதையும்.

மனுவைத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் ஒரு நகல். பதில் வராவிட்டால், எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் சொல்லியாக வேண்டும்.

நூல்கண்டு:
தண்டனை?

தறிக்காரர்:
முதல் தடவை என்றால் அபராதம் மட்டும், அதிகபட்சம் 20,000 ரூபாய். அதுவும் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்த பிறகுதான் வழக்கு. பழைய சட்டத்தில் முதல் தப்புக்கே ஜெயில் இருந்தது, எடுத்துவிட்டார்கள்! அபராதம் அரசுக்குப் போகும். விண்ணப்பித்தவருக்கு வேலை வாங்கித் தராது.