மறு: நம்ம கட்டுரைக்கு, குடல் சளிப் படலத்துக்கு (மியூக்கஸ், mucus) ஒரு நல்ல சொல் வேணும்

> சளின்னே வச்சிடலாமே, எல்லாருக்கும் புரியும்

புரியும் அண்ணா, ஆனா தப்பா புரியும். சளின்னா நம்ம ஊர்ல காறித் துப்ப வேண்டியது, கஷாயம் வச்சு கரைக்க வேண்டியது. பெருங்குடல்ல சளி இருக்குன்னு எழுதிப் பாருங்க, அத வெளியேத்த என்ன மருந்துன்னுதான் அடுத்த கேள்வி வரும். இங்க விஷயமே தலைகீழ், அது இருக்கிற வரைக்கும்தான் குடலுக்குக் காவல், கெட்டுப்போனா அழற்சிக்கு வழி விட்ட மாதிரி. கோழையும் வேணாம், காவலுக்கு நிக்கிறதுக்குப் போய் கோழைன்னு பேரா!

பேரு வைக்கிறதுக்கு முன்னாடி பொருளப் பாத்துடலாம். பெருங்குடல்ல ரெண்டு படலம் இருக்கு. 2008ல ஸ்வீடன்ல கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்துல குன்னர் ஹான்சன் குழு எலிக்குடல்ல காட்டினாங்க, உள்பக்கம் செல்லோட ஒட்டி அடர்த்தியா ஒண்ணு, அதுல பாக்டீரியா கிட்டத்தட்ட கிடையாது, அதுக்கு மேல தளர்வா இன்னொண்ணு, பாக்டீரியாவோட குடித்தனமெல்லாம் அங்கதான். ரெண்டுக்கும் சரக்கு ஒண்ணுதான், குடல் சுவர்ல கோப்பை வடிவத்துல இருக்கிற கோப்பை செல்லுங்க சுரக்கிற மியூக்-2ங்கிற மியூசின், அதாவது சர்க்கரை ஒட்டின புரதம். அதோட எடையில பெரும்பங்கு சர்க்கரைச் சங்கிலி, அதனால தண்ணிய இழுத்துகிட்டு உப்பி வலையா விரியும். எலிக்கு உள்படலம் சுமார் 50 மைக்ரோமீட்டர், மனுஷனுக்கு சில நூறு, அவ்ளோதான் தடுப்பே. மியூக்-2 மரபணுவ நீக்கின எலிங்களுக்கு எதுவும் கொடுக்காமயே பெருங்குடல் அழற்சி வருதுன்னு 2006லயே தெரிஞ்சுடுச்சு, பாக்டீரியா நேரா செல்லு மேலயே போய் உக்காந்துக்குது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்லயும் (மனுஷனுக்குப் பெருங்குடல்ல அழற்சியும் புண்ணும் வர்ற நாள்பட்ட நோய்) நோய் தீவிரமா இருக்கிறப்போ கோப்பை செல்லு குறைஞ்சு உள்படலத்துக்குள்ள பாக்டீரியா புகுந்துடுது. சிறுகுடல்ல ஒரே படலம்தான், ஒட்டாம தளர்வா கிடக்கும், சத்து உறிஞ்சணும்ல.

இன்னொரு குழப்பம், சளிச்சவ்வுன்னு ஏற்கனவே ஒரு சொல் ஓடுது, அது திசு. நாம பேசறது அந்தத் திசு மேல இருக்கிற பூச்சு. பேப்பர்ல ரெண்டையும் ஒண்ணாக்கி எழுதறாங்க.

> எங்கட பாடப்புத்தகத்தில சீதம் எண்டுதான் படிச்சனாங்கள்

எனக்கு இந்த இலங்கைச் சொல்தான் பிடிச்சிருக்கு. இங்க தமிழ்நாட்டுல சீதம்னதும் சீதபேதிதான் ஞாபகம் வரும், ரத்தமும் சீதமுமா போகுதுன்னு டாக்டர்கிட்ட சொல்றோமே அதேதான். ஆனா அப்ப போறதும் இதே சரக்குதானே, அதனால பொருள் பிசகல. இழுதுன்னு ஒருத்தர் சொன்னது அழகான சொல், நெய், கொழகொழப்புன்னு பழைய பொருளெல்லாம் இருக்கு, இழுதுமீன்ல (ஜெல்லி மீன்) இன்னும் உயிரோட இருக்கு, ஆனா அத ஜெல்லுக்கு எடுத்து வச்சுக்கலாம்.

என் பரிந்துரை: பொருளுக்கு சீதம், உள்படலம் ஒட்டுச்சீதம், வெளிப்படலம் தளர்சீதம். அகம் புறம்னு வச்சா இடம் மட்டும் தெரியும், ஒட்டு தளர்னா குணமும் தெரியுது, சிறுகுடல்ல இருக்கிறதையும் தளர்சீதம்னே சொல்லிடலாம்.

வாக்கியத்துல வச்சுப் பாத்தேன். "நார்ச்சத்தே இல்லாத தீனி போட்டா பாக்டீரியா பட்டினியில சீதத்தையே அரிச்சுத் தின்னுது, ஒட்டுச்சீதம் மெலியுது", இது 2016ல அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல எலில பாத்தது. "பாலிசார்பேட் 80 மாதிரி பால்மமாக்கிகள் கொடுத்த எலிகள்ல பாக்டீரியா ஒட்டுச்சீதத்துக்குள்ள வந்துடுச்சு", இது 2015ல வந்த ஆய்வு (பால்மமாக்கின்னா எண்ணெயும் தண்ணியும் பிரியாம இருக்க உணவுல சேர்க்கிறது, எமல்சிஃபையர்). நாக்குல தடங்கல. 2004ல நெதர்லாந்துல கண்டுபிடிச்ச, சீதத்தைத் தின்னு வாழற அக்கர்மான்சியா மியூசினிஃபிலாங்கிற குடல் பாக்டீரியாவுக்கும் சீதவிரும்பின்னு பேர் தானா அமைஞ்சுடுது.

---

வணக்கம். சீதம் எடுத்தது சந்தோசம். ஒட்டுச்சீதமும் சரி. ஆனா படலம் எண்டு ஏன் எழுதுறியள், நாங்கள் ஓசோன் படை எண்டுதானே சொல்லுறது, சீதப்படை எண்டு போட்டா காவலுக்கும் பொருத்தமாக் கிடக்கு. மற்றது செல் எண்டு வாற இடத்தில கலம் எண்டும் ஒருக்கா குறிச்சு விடுங்கோ, எங்கட பிள்ளையளும் வாசிக்கிறவை.

---

கலம் கண்டிப்பா போட்டுடறேன் அண்ணா. படை மட்டும் வேணாமே, இங்க படைன்னா தோல்ல வர்ற அரிப்பு, சீதப்படைன்னு எழுதினா களிம்பு கேப்பாங்க. மியூசின மியூசின்னே விட்டுடலாம்னு இருக்கேன், யாருக்காவது வேற யோசனை இருந்தா சொல்லுங்க, இல்லேன்னா கட்டுரைய இப்படியே ஏத்திடறேன்.