0.25 பெரிசா, 0.3 பெரிசா? மகளோடு தினமும் சண்டை

கோத்தகிரி அம்மா:
மகள் அஞ்சாம் வகுப்பு. 0.25, 0.3 இரண்டில் எது பெரிசு என்றால் யோசிக்காமல் 0.25 என்கிறாள், ஏன் என்றால் "மூணை விட இருபத்தஞ்சு பெரிசுதானேம்மா" என்று என்னையே மடக்குகிறாள். பைசா வைத்துச் சொல்லலாம் என்றால் 25 பைசா காசையே அவள் கண்ணால் பார்த்ததில்லை, 2011-லேயே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். நேற்று கோபத்தில் நோட்டை மூடி வைத்துவிட்டேன். வேறு எப்படிச் சொல்லித் தருவது?

சாக்பீஸ்:
முதலில் "புள்ளி இருபத்தைந்து" என்று வாசிப்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். புள்ளி இரண்டு ஐந்து. பாதிக் குழப்பம் அந்த வாசிப்பில்தான். புள்ளிக்கு அடுத்த இடம் பத்தில் ஒரு பங்கு, அதற்கடுத்தது நூறில் ஒரு பங்கு. கட்டம் போட்ட நோட்டில் பத்துக்குப் பத்தாக இரண்டு சதுரம் வரைந்து, ஒன்றில் மூன்று வரிசை முழுசாகவும் இன்னொன்றில் இரண்டரை வரிசையும் கலர் அடிக்கச் சொல்லுங்கள், அதாவது 30 கட்டமும் 25 கட்டமும். அப்புறம், "நீளமா இருந்தா சின்னது" என்று மட்டும் சுருக்குவழி சொல்லிவிடாதீர்கள், நாளைக்கு 0.45-ஐ விட 0.4 பெரிசு என்று வந்து நிற்பாள்.

பச்சை இலை:
என் பையனுக்கு இது புரிந்தது தேயிலை எடை போடும் இடத்தில். அந்தத் தராசு பன்னிரண்டரை கிலோவை 12.500 என்றுதான் காட்டும், பக்கத்து மூட்டை 12.450. கடைசியில் சைபர் சேர்த்தால் எடை கூடாது, நீளம் மட்டும் சமமாகிவிடும், அப்புறம் ஒப்பிடுவது சுலபம். உங்கள் ஊரையே வைத்துக் கேளுங்கள் அக்கா: கடல் மட்டத்திலிருந்து குன்னூர் சுமார் 1.85 கிலோமீட்டர், கோத்தகிரி 1.793. எது மேலே?

மலை ரயில்:
கிரிக்கெட் பார்க்கிற பிள்ளையா? அப்படியானால் ஓவர் கணக்கைக் கிட்டவே விடாதீர்கள். ஓவருக்கு ஆறு பந்து, அதனால் 4.3 ஓவர், அதாவது நாலு ஓவரும் மூணு பந்தும் என்றால் உண்மையில் நாலரை ஓவர், 4.5-க்கு அடுத்த பந்து போட்டால் 5. அது தசமப் புள்ளியே இல்லை. என் தம்பி மகன் 4.5 + 0.1 = 5 என்று பரீட்சையில் எழுதிவிட்டு "டிவில அப்படித்தான் வருது" என்றான்.

கோத்தகிரி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. கட்டம் வரைந்தோம், 0.3 பெரிசு என்று அவளே சொல்லிவிட்டாள். ஊர்க் கேள்விக்கு மட்டும் முதலில் கோத்தகிரிதான் என்றாள், அது கணக்கா ஊர்ப் பாசமா தெரியவில்லை. சைபர் போட்டு 1.850 ஆக்கியதும் கழித்துப் பார்த்து, "நம்ம ஊரு 57 மீட்டர் கீழயா?" என்று முகம் சுண்டிப்போச்சு. ஓவரை ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று வேறு கேட்கிறாள், அதற்கு அவள் அப்பாவிடம் அனுப்பியிருக்கிறேன்.