வாலிநோக்கம் (ராமநாதபுரம் மாவட்டம்) பக்கம் கடும் வலிக்கான மார்பின் (morphine) மாத்திரைக்கு யாரைப் பார்ப்பது?

பெரியப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். ரேடியேஷன் முடிந்ததும் "இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்ப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பகலில் சமாளித்துவிடுகிறார், ராத்திரிதான் பெரும்பாடு. பேச முடியாததால் வலி வந்தால் கட்டில் சட்டத்தில் டம்ளரால் தட்டுவார். பெரியம்மா எழுந்து டிராமடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து மூக்குக் குழாயில் விடுவார். இப்போது அதற்கும் வலி கேட்பதில்லை.

போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்பின் வைத்திருந்து கொடுக்கலாம். மெடிக்கலில் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யாராவது வாங்கியிருக்கிறீர்களா? ரிப்போர்ட்டோடு நான் மட்டும் போனால் போதுமா? அவரை ஆட்டோவில் உட்கார வைக்கிற நிலை இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிநிவாரணச் சிகிச்சை தருவது உண்டு. சாயல்குடி, கடலாடி பக்கம் அந்த நர்ஸை யார் மூலம் பிடிப்பது? அப்புறம், இடுப்பில் படுக்கைப்புண் தொடங்கியிருக்கிறது. ஏர் பெட் வாடகைக்கோ இரவலாகவோ கிடைத்தால் சொல்லுங்கள்.

மூலிகை வைத்தியம் எதுவும் தயவுசெய்து எழுத வேண்டாம், சொந்தக்காரர்களே போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் இன்பாக்ஸுக்கு வாங்க.