ஊற்று நிறைய தண்ணீர், குழாயில் வெறும் காற்று: வழி சொல்லுங்கள்

கொடைக்கானல் வட்டக்கானலுக்குக் கீழே, வெள்ளகவி எங்கள் ஊர். மேலே உள்ள ஊற்றிலிருந்து 32 மி.மீ. கறுப்பு எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயில், மோட்டார் இல்லாமல் சரிவிலேயே தண்ணீர் இறங்கி வரும். சுமார் 600 மீட்டர் தூரம். நடுவில் ஒரு பாறை மேட்டில் ஏறி இறங்குகிறது.

ஐப்பசி மழைக்குப் பிறகு புஸ்புஸ்ஸென்று காற்று கக்கி நின்றுவிடுகிறது. ஊற்றுத் தொட்டியோ நிரம்பி வழிகிறது.

குழாய் வாயில் உள்ள வடிகட்டி வலையைக் கழுவியாயிற்று. இணைப்புகளில் கசிவு இல்லை. மேட்டுக்கு முந்தைய பள்ளத்தில் இணைப்பைக் கழற்றினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. திரும்ப மாட்டினால் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் பழையபடிதான். மேட்டில் காற்று அடைக்கிறது என்றே நினைக்கிறேன். சாமான் எல்லாம் குதிரை முதுகில் வரவேண்டும், அதனால் சரியானதை ஒரே தடவையில் வாங்க வேண்டும். வயதானவர்கள்கூட குடத்தோடு மேலே ஏறுகிறார்கள்.

மேட்டில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு உயரமாக ஒரு திறந்த குழாய் நிறுத்தினால் போதுமா, காற்றை மட்டும் வெளியே விடும் ஏர் வால்வுதான் வைக்க வேண்டுமா?