2012 ஆர்2 டிசிக்குப் பக்கத்தில் 2025 சேர மாட்டேங்குது: 2022 போட்டாலும் எஃப்ஆர்எஸ் எரர்

குன்னூர் சிஸ்டம்:
வணக்கம். தேயிலை ஃபேக்டரி ஆபீஸ். குன்னூரில் ஒரு டிசி (டொமைன் கன்ட்ரோலர், ஆபீஸ் லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்), கோத்தகிரி கிளையில் ஒன்று. ரெண்டும் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, ஃபங்ஷனல் லெவலும் (எந்தப் பதிப்பு டிசி முதல் சேரலாம்னு வைக்கிற அளவு) அதே. 2003 காலத்தில் ஆரம்பிச்ச டொமைன். 2025-ஐ டிசி ஆக்கினால் லெவல் போதாதுன்னு நிக்குது. 2022-ல் எஃப்ஆர்எஸ் (டிசிகளுக்கு நடுவில் ஃபைல் காப்பி பண்ற பழைய முறை) எரர். என்ன வழி?

ஊட்டி நெட்வொர்க்:
2025 டிசிக்கு ஃபாரஸ்ட் (எல்லா டொமைனும் சேர்ந்த தொகுப்பு) லெவல் குறைஞ்சது 2016 வேணும். 2012 ஆர்2 டிசி ஒண்ணு உள்ளே இருந்தாலும் அந்த லெவலுக்கு ஏற விடாது. அதனால் நடுவில் 2022 தான் படி. அதுக்கும் முன்னாடி சிஸ்வால் (பாலிசி ஃபைல்கள் இருக்கிற, எல்லா டிசியிலும் உள்ள ஃபோல்டர்) எஃப்ஆர்எஸ்-லிருந்து அதுக்குப் பதிலா வந்த டிஎஃப்எஸ்ஆர்-க்கு மாறியாகணும்.

ரெண்டு டிசியிலும் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் எடுங்க. விஎம் ஸ்னாப்ஷாட்டை நம்பாதீங்க. டிசிகளுக்கு நடுவில் தகவல் காப்பி ஆகுதா (ரெப்ளிகேஷன்) எனக் காட்டும் 'ரெப்அட்மின் /ரெப்ல்சம்மரி' பிழையில்லாம வரணும். பிறகு பிடிசி எமுலேட்டரில் (டிசிகளில் தலைமைப் பொறுப்பு உள்ளதில்) 'டிஎஃப்எஸ்ஆர்மிக் /செட்குளோபல்ஸ்டேட் 1' (மாற்றத்தின் முதல் நிலை). '/கெட்மைக்ரேஷன்ஸ்டேட்' எல்லா டிசியும் வந்தாச்சுன்னு சொன்ன பிறகுதான் 2, அப்புறம் 3. மூணுக்குப் போனா திரும்ப வழியில்லை. சிஸ்வாலுக்கு இன்னொரு காப்பி உருவாகும், டிஸ்க்கில் இடம் பாருங்க. முடியும்வரை குரூப் பாலிசியில் கை வைக்காதீங்க.

குன்னூர் சிஸ்டம்:
நன்றி சார். 1 கொடுத்தாச்சு. குன்னூர் வந்திருச்சு, கோத்தகிரி 'ஸ்டார்ட்'லயே நிக்குது.

ஊட்டி நெட்வொர்க்:
பழுது இல்லை. அந்த எண் ஏடி-க்குள்ளே (ஆக்டிவ் டைரக்டரி, டொமைனின் தகவல் தளம்) எழுதப்படுது. கிளைக்கு ரெப்ளிகேஷன் மூலமாத்தான் போகணும். ரெண்டு ஊருக்கும் நடுவில் உள்ள சைட் லிங்கில் அது நடக்கும் இடைவெளி டிஃபால்ட்டா 180 நிமிஷம். காத்திருக்காம உடனே அனுப்ப, குன்னூரிலிருந்து 'ரெப்அட்மின் /சின்க்ஆல் /ஏடிஇபி', பிறகு கோத்தகிரியில் 'டிஎஃப்எஸ்ஆர்டயாக் பால்ஏடி'. ஐப்பசி மழையில் ஃபைபர் அறுந்திருந்தா லைன் வரும்வரை அடுத்த எண்ணைக் கொடுக்கவே கூடாது.

கொடைக்கானல் அட்மின்:
2022-ஐ ரெண்டு ஊரிலும் டிசி ஆக்கி, ஐந்து எஃப்எஸ்எம்ஓ ரோல்களையும் (ஒரே ஒரு டிசி மட்டும் வைத்திருக்கும் சிறப்புப் பொறுப்புகள்) நகர்த்துங்க. பிடிசி ரோல் போன புது சர்வரில் டபிள்யூ32டிஎம்-க்கு (விண்டோஸ் நேர சேவை) வெளி நேர சர்வரைக் கொடுக்கணும். விட்டா கடிகாரம் நழுவி, மற்ற சர்வர்களோடு ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் வந்ததும் கெர்பரோஸ் லாகின் விழும். டிஹெச்சிபி-யில் டிஎன்எஸ் முகவரி மாத்தின பிறகே பழசை டிமோட் (டிசி பொறுப்பிலிருந்து நீக்கம்) பண்ணுங்க. அப்புறம் லெவலை 2016-க்கு ஏத்துங்க.

2022-க்கு 2031 அக்டோபர் 14 வரை சப்போர்ட் உண்டு; என்னைக் கேட்டா அங்கேயே நிக்கலாம். 2016 சர்வர் மட்டும் வேண்டாம், 2027 ஜனவரி 12-ல் முடியுது. பழைய ஜெராக்ஸ் மெஷின் சர்வர் ஃபோல்டருக்கு ஸ்கேன் அனுப்புதா? புது சர்வரில் எஸ்எம்பி1 (ஃபோல்டர் பகிரும் பழைய முறை) இருக்காது, அன்னைக்கே நின்னுடும். எஸ்எம்பி1-ஐத் திரும்ப நிறுவாம, ஸ்கேனை மெயிலுக்கு மாத்துங்க.