மிக்சரில் போட்டால் குரல் மட்டும் காணாமல் போகிறது, நான் செய்த கேபிளில் என்ன பிழை?

வாவிக்கரை:

வணக்கம். களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கிறேன். எங்கள் ஊர் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்குக்கு சவுண்ட் பார்க்கும் வேலை இந்த முறை எங்கள் பொடியன்களின் கையில். மைக் எல்லாம் சரி. போனிலிருந்து பக்திப் பாட்டுப் போட ஒரு கேபிள் நானே செய்தேன், அதில்தான் சிக்கல்.

பழைய ஹெட்செட் ஒன்றை வெட்டி 3.5 மில்லிமீற்றர் பின் இருந்த பக்கத்து வயரை எடுத்தேன். மறுமுனைக்கு மட்டக்களப்பு டவுனில் வாங்கிய பெரிய ஸ்டீரியோ பின், 6.35. இடது நுனிக்கு, வலது நடு வளையத்துக்கு, எர்த் உடம்புக்கு. மீற்றர் வைத்தால் மூன்றும் பீப் அடிக்கிறது, ஒன்றோடொன்று முட்டவும் இல்லை. ஆனால் மிக்சரின் லைன் இன்னில் செருகிப் பாட்டைப் போட்டால் பாடுகிறவரின் குரலைக் காணவில்லை. வயலின் கேட்கிறது, தாளம் மெலிதாகக் கேட்கிறது, குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல வெறும் எதிரொலியாகக் கிடக்கிறது. பழைய பாட்டுகள் சிலவற்றில் சத்தமே இல்லை. அதே போனில் வேறு ஹெட்செட் போட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது. மூன்று முறை கழற்றித் திரும்ப ஈயம் வைத்துவிட்டேன். ஒன்பது நாள்தான் இருக்கிறது, யாராவது சொல்லுங்கள்.

கல்லடிக் கரை:

தம்பி, இனி ஈயத்தைக் கழற்றாதீர்கள். நீங்கள் வைத்தது சரியாகத்தான் இருக்கிறது, செருகிய இடத்துக்குத்தான் அந்தக் கேபிள் பொருந்தவில்லை. பழைய பாட்டில் சத்தமே இல்லை என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியிலேயே விளங்கிவிட்டது.

மிக்சரின் அந்த லைன் இன் பேலன்ஸ்ட். அது மூன்று முனைப் பின்னைக் கண்டால் இடது வலது என்று பார்ப்பதில்லை. நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்து, மிச்சத்தை மட்டும் எடுக்கும். நீளமான மைக் வயரில் ஏறும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக ஏறும் என்பதால், கழித்தால் அது போய்விடும், அதற்காகச் செய்த ஏற்பாடு. இப்போது உங்கள் பாட்டைப் பாருங்கள். பாடகரின் குரலைப் பெரும்பாலும் நடுவில்தான் வைத்துப் பதிவார்கள், அதாவது இடதிலும் வலதிலும் ஒரே குரல், ஒரே அளவு. 5இல் 5 போனால் பூச்சியம், குரல் போய்விட்டது. வயலின் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அது தப்பியது. எதிரொலியும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இராது, அதுவும் தப்பியது. பழைய பாட்டுகள் மோனோவில் பதிந்தவை, இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுதான், அதனால் முழுதும் பூச்சியம்.

உடனே சோதிக்க ஒரு வழி. போன் செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டிக்குள் ஒலியின் இடது வலது பேலன்ஸ் இருக்கும். அதை முழுதாக இடது பக்கம் தள்ளிவிட்டுப் பாட்டைப் போடுங்கள். குரல் வந்தால் நான் சொன்னதுதான் காரணம். சடங்கு இரவில் வேறு வழி இல்லாமல் போனாலும் இது கை கொடுக்கும்.

நிரந்தரமாகச் சரிசெய்ய 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வாங்குங்கள், கால் வாட் போதும், மண்ணிறம் கறுப்பு சிவப்புக் கோடு. இடது வயரில் ஒன்று, வலது வயரில் ஒன்று, இரண்டின் மறுமுனையையும் சேர்த்து நுனியில் ஈயம் வையுங்கள். எர்த் உடம்புக்கு. வளையத்தையும் உடம்போடு சேர்த்துவிடுங்கள். பெரிய பின்னையே மோனோவாக மாற்றினால் வளையத்தைப் பற்றிய யோசனையே தேவையில்லை.

ஏறாவூர் றைடர்:

ரெசிஸ்டர் எதற்கு? நான் இடதையும் வலதையும் முறுக்கி ஒன்றாக்கித்தான் இரண்டு வருடமாகப் பாவிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

கல்லடிக் கரை:

நானா, ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போனுக்குள் இடதுக்கு ஒரு குட்டி ஆம்ப், வலதுக்கு ஒன்று. இரண்டையும் நேரே முட்டவிட்டால், இரண்டு பக்கமும் வேறு வேறு சத்தம் வரும் நேரத்தில் ஒன்று மற்றதைத் தள்ளும், அது இதைத் தள்ளும், சத்தம் கூட்டும்போது கரகரக்கும். அந்தச் சண்டையை நிறுத்தத்தான் நடுவில் ரெசிஸ்டர். விலையும் ஒரு பெரிய விலை இல்லை.

கல்முனைக்குடி:

வேறு வழியும் உண்டு. ஒரு பக்கம் 3.5 ஸ்டீரியோ, மறுபக்கம் இரண்டு மோனோ பெரிய பின், இடது ஒன்றுக்கு வலது ஒன்றுக்கு. இரண்டு சேனலில் போட்டு ஒன்றை இடமும் மற்றதை வலமும் திருப்பிவிடலாம். ரெசிஸ்டர் வேண்டாம், ஸ்டீரியோவும் கெடாது. கல்யாண வீடுகளுக்கு நான் இதைத்தான் கொண்டு போகிறேன். கோயிலில் பூசாரிக்கு ஒரு மைக், உடுக்குக்கு ஒன்று, பாடுகிறவர்களுக்கு இரண்டு என்று சேனல் நிரம்பிவிடும் என்றால் கல்லடி அண்ணன் சொன்னதுதான் சரி, ஹோர்ன் ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோ எதற்கு.

ஒன்று மட்டும் கவனம். மைக் போடும் எக்ஸ்எல்ஆர் வாயில் போனை மாட்டாதீர்கள். சில மைக்குகளுக்கு மிக்சரே கொடுக்கும் கரண்டைப் பேண்டம் என்பார்கள், அந்த 48 வோல்ட் சுவிட்ச் போட்டிருந்தால் அந்த வாயால்தான் வெளியே வரும், போன் செத்துவிடக்கூடும். சின்ன மிக்சர்களில் ஒரே சுவிட்ச்தான் எல்லா மைக்குக்கும்.

வாவிக்கரை:

அண்ணன், பேலன்ஸைத் தள்ளியதும் குரல் வந்துவிட்டது! மூன்று நாளாக நித்திரை இல்லாமல் ஈயத்தோடு மல்லுக்கட்டியதை நினைக்க அழுகை வருகிறது. ரெசிஸ்டரும் போட்டுவிட்டேன், மோனோ பின்தான். இப்போது குரல் நடுவில் நிற்கிறது. ஆனால் வயரைக் கொஞ்சம் அசைத்தால் கரகரவென்று வந்து ஒரு பக்கம் விட்டுவிட்டுப் போகிறது. மீற்றர் இப்போதும் பீப் அடிக்கிறது.

கல்முனைக்குடி:

ஹெட்செட் வயர் என்றீர்களே, அதுதான். அந்த வயரை உரித்துப் பாருங்கள், உள்ளே சிவப்பும் பச்சையுமாக முடி போல மெல்லிய கம்பிகள் இருக்கும். அது வெறும் நிறம் இல்லை, ஒவ்வொரு முடிக்கும் மேலே பூசிய அரக்கு. அதற்கு மேல் ஈயம் ஒட்டாது, மேலே சும்மா உருண்டு உட்கார்ந்திருக்கும். பத்து முடியில் இரண்டு ஒட்டியிருந்தாலும் மீற்றர் பீப் அடிக்கும், அசைத்தால் அந்த இரண்டும் விட்டுவிடும்.

அயனைக் காய வைத்து நுனியில் புது ஈயம் ஒரு பெரிய துளியாக எடுங்கள். வயர் நுனியில் ஈயம் ஒட்டவைக்கும் பேஸ்ட் தொட்டு அந்தத் துளிக்குள் வைத்து நாலைந்து வினாடி அசையாமல் பிடியுங்கள். முதலில் புகையும், அரக்குக் கருகிய வாசம் வரும், அப்புறம் வெள்ளி நிறம் மெல்ல முடிக்குள் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏறியதும் எடுத்துவிடுங்கள். நடுவில் நூல் ஓடும், அதை வெட்டிவிடுங்கள், கருகினால் ஈயத்தைக் கெடுக்கும். பின்னில் ஈயம் வைக்கும்போது பின்னை ஒரு பழைய சொக்கெட்டில் செருகி வைத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் வளையங்களுக்கு நடுவில் உள்ள பிளாஸ்டிக் உருகி நுனி சாய்ந்துவிடும். மூடியை முதலே வயரில் போட மறக்காதீர்கள்.

கல்லடிக் கரை:

அதோடு ரெசிஸ்டர் கால்களுக்குச் சுருங்கும் டியூப் போடுங்கள். எங்கள் பக்கம் கடல் காற்று, திறந்திருக்கும் செம்பு ஒரு மாரி தாங்காது, பச்சை பிடித்துவிடும். பின்னின் வாலில் உள்ள கொக்கி வயரின் மேல் தோலைக் கவ்வ வேண்டும், இழுபடுவது அங்கே நிற்க வேண்டும், ஈயத்தில் நிற்கக் கூடாது.

வாவிக்கரை:

செய்தேன். வெள்ளி ஏறுவதை நேரில் பார்த்தேன், அவ்வளவு சந்தோசம். இழுத்தும் ஆட்டியும் பார்த்துவிட்டேன், அசையவில்லை. கடைசியாக ஒன்று, லப்டொப்பிலிருந்து போட்டால் சார்ஜர் செருகியதும் உர்ர் என்று ஒரு சத்தம் வருகிறது, கழற்றினால் போகிறது.

கல்லடிக் கரை:

அது கேபிள் பிழை இல்லை. சார்ஜர் வழியாகவும் மிக்சர் வழியாகவும் இரண்டு எர்த் சேர்ந்து ஒரு வளையம் ஆகிறது, 50 ஹேர்ட்ஸ் கரண்ட் அதில் சுற்றுகிறது. 1க்கு 1 ஓடியோ டிரான்ஸ்போமர் ஒன்று இடையில் போட்டால் போய்விடும். அது கிடைக்கும் வரை சார்ஜரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். சத்தத்தை நிறுத்த எர்த் பின்னை மட்டும் யாரும் வெட்ட விடாதீர்கள், ஈர மண்ணில் வெறுங்காலோடு மைக் பிடிக்கிறவர்கள் இருக்கிற இடம்.

வாவிக்கரை:

இல்லை அண்ணன், எர்த்தைத் தொடவே மாட்டோம். இரண்டு போனை மாற்றி மாற்றிச் சார்ஜ் போட்டு ஓட்டுவதாக முடிவு செய்துவிட்டோம்.